மான் எலும்பு கிடைத்தால் விதிமீறலா?

கோட்டையில் மான் எலும்பு கிடைத்ததால், வேட்டை கூடாது என்ற விதியை ட்யூட்டானிக் சபையினர் (இடைக்கால ஜெர்மானியப் போர்த்துறவிகள்) மீறினார்களா என்பதுதான் கேள்வி. அந்தச் சபையின் விதி தடுத்தது வேட்டை விளையாட்டைத்தான், மான்கறியை அல்ல. அதனால் பிரஷ்யாவில் (சபை ஆண்ட பால்டிக் கரைப் பகுதி) ஒரு கோட்டைக் குப்பைக்குழியில் மான் எலும்பு வந்ததை வைத்தே சகோதரர்கள் (சபைத் துறவிகள்) விதியை மீறினார்கள் என்று சொல்ல முடியாது.

நீங்கள் டெம்ப்ளர் (இன்னொரு போர்த்துறவிச் சபை) விதியோடு குழப்பிக்கொண்டிருக்கலாம். அதில் சிங்கத்தை மட்டும்தான் வேட்டையாடலாம் (பிரஷ்யாவில் சிங்கத்துக்கு எங்கே போவது!). ட்யூட்டானிக் விதி ஓநாய், கரடியையும் கொல்ல விட்டது. ஆனால் அதற்கு வேட்டைநாய் கூடாது, பொழுதுபோக்காகவும் கொல்லக் கூடாது. சபையிடம் வேட்டைக்காரர்கள் இருந்தால் அவர்களுக்குக் காவலாகச் சகோதரர்கள் உடன் போகலாம்.

சரி, குழியில் கிடைத்த எலும்புகளின் பட்டியலில் கொம்புகளைத் தனியே பிரித்துப் பாருங்கள். அடிப்பகுதியில் மண்டையோட்டுத் துண்டு ஒட்டாமல் இயல்பாகக் கழன்றிருந்தால் உதிர்ந்த கொம்பு. சீப்பு, கைப்பிடி செய்யப் பொறுக்கி வந்திருப்பார்கள். கறிப்பற்றுள்ள எலும்பில் வெட்டுத்தடம் இருந்தால் அது சமையலுக்கு நல்ல அடையாளம்.

அப்போதும் தின்றவர் சகோதரரா, வேலையாளா, விருந்தாளியா என்று அந்த எலும்பை வைத்து முடிவு கட்டாதீர்கள்.