மொட்டை மாடித் தொட்டியில் இருக்கும் சோற்றுக்கற்றாழை சென்னை வெயிலைத் தாங்குமா? எந்த வெப்பநிலையில் வைக்க வேண்டும்?

தாங்கும், ஆனால் தொட்டி தாங்க வேண்டுமே! கற்றாழைக்கு வசதியான வெப்பநிலை சுமார் 13 முதல் 27 டிகிரி செல்சியஸ். குளிரைப் பற்றி நமக்குக் கவலையில்லை. மார்கழியிலும் சென்னை பொதுவாக 18 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். சிக்கல் கத்திரி வெயிலில்தான்.

40 டிகிரி காற்றை அது சமாளித்துவிடும். பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறக்கும் செடி அது. ஆனால் கருப்பு பிளாஸ்டிக் தொட்டியை மொட்டை மாடித் தரையில் வைத்தால், மண் காற்றைவிடச் சூடாகி வேர் வெந்துபோகும். மண் தொட்டிக்கு மாற்றி, இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பக்கம் உத்தமம். இலை செம்பழுப்பாக மாறினால் வெயில் அதிகம் என்று அர்த்தம். நிழலுக்கு நகர்த்தினால் மெல்லப் பச்சை திரும்பும். உச்சி வெயிலில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மாலையில் ஊற்றுங்கள், அதுவும் மண் நன்றாகக் காய்ந்த பிறகு.

ஏசி அறையா? 24 டிகிரி அதற்குச் சொர்க்கம், ஜன்னல் வெளிச்சம் இருந்தால் சரி. அப்புறம், என் செடி போனது வெயிலால் அல்ல, ஐப்பசி மழையில் வேர் அழுகி!