லத்தீன்: இரண்டாம் ஆண்டின் தடுமாற்றம்

கேள்வி: அமெரிக்கக் கல்லூரியொன்றில் லத்தீன் படிக்கிறேன். முதலாண்டில் இலக்கணத்தை மனப்பாடம் செய்து நல்ல மதிப்பெண் பெற்றேன். இப்போது ரோமானியத் தளபதி சீசர் எழுதிய உரைநடையின் ஒரு வாக்கியத்துக்கே அரைமணி நேரம் ஆகிறது. என்ன செய்வது?

பதில்: பாடநூலுக்காகப் புனைந்த வாக்கியங்களிலிருந்து உண்மையான உரைநடைக்கு வரும் எவருக்கும் இந்தத் தடுமாற்றம் உண்டு, அதனால் உங்கள் முதலாண்டு உழைப்பு வீணாகிவிடவில்லை. வினைமுற்றைத் தேடிக் கண்டுபிடித்து, ஆங்கில வரிசைக்கு மாற்றிப் படிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வினை இறுதியில் வரும்வரை காத்திருப்பது தமிழருக்குப் புதிதல்லவே!

ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் ‘ஈனியட்’ காவியம் ‘அர்மா விரும்க்வே கனோ’ என்று தொடங்குகிறது. ‘விரும்’ என்பதன் ஈறு நம் ‘ஐ’ உருபின் வேலையைச் செய்கிறது. ‘க்வே’ நம் ‘உம்’ போலச் சொல்லோடு ஒட்டி நிற்கிறது. ‘கனோ’ என்பதில் ‘நான்’ அடங்கியிருக்கிறது. ‘படைக்கலங்களையும் மனிதனையும் பாடுகிறேன்’ என்று சொல் வரிசை மாறாமல் தமிழில் அப்படியே அமைகிறது. ‘அர்மா’ மட்டும் அஃறிணை போன்ற பாலினச் சொல் என்பதால், எழுவாயாக வந்தாலும் செயப்படுபொருளாக வந்தாலும் வடிவம் மாறாது.

சீசரிடம் அடிக்கடி வரும் ‘உர்பே கப்தா’ போன்ற தொடர்களையும், ‘நகரம் பிடிபட, அரசன் ஓடினான்’ என்பதிலுள்ள எச்சத்தைப் போலக் கொண்டால் முடிச்சு அவிழும். நாள்தோறும் பத்து வரிகளை அகராதியைத் தொடாமல் இருமுறை வாய்விட்டுப் படித்த பிறகே பொருள் தேடுங்கள். முந்தைய நாள் வரிகளை மறுபடி படிப்பதை மட்டும் ஒருநாளும் விட்டுவிடாதீர்கள்.