பன்னுக்குள் வான்கோழி: வடசென்னை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

வயது 48. கொலஸ்ட்ரால் கூடியிருக்கிறது. சிவப்பு இறைச்சியைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை பீஃப் பர்கரை வான்கோழி பர்கராக மாற்றினால் போதுமா? (பெரம்பூர்)

மாற்றலாம் ஐயா. ஆனால் எந்த பீஃப், எந்த வான்கோழி என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள். வான்கோழி பர்கருக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தது அமெரிக்கக் கணக்கு. அங்கே பர்கருக்கென்று விற்கும் மாட்டுக் கொத்துக்கறியில் ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு இருக்கும். 100 கிராம் பச்சைக் கறிக்குச் சுமார் 250 கலோரி. 7 சதவீதக் கொழுப்புள்ள வான்கோழிக் கொத்துக்கறியில் 150 கலோரிதான். உங்கள் டாக்டர் கவலைப்படும் நிறைவுற்ற கொழுப்பு மாட்டுக்கறியில் 7 கிராமைத் தாண்டும், வான்கோழியில் 2 கிராமை ஒட்டியே இருக்கும். அந்த ஊருக்கு இது பெரிய லாபம்.

நம் பக்கம் கணக்கு வேறு. நீங்கள் கடையில் வாங்குவது எருமைக்கறி என்றால், வெளிக்கொழுப்பையும் சவ்வையும் நீக்கியபின் 100 கிராமில் 2 கிராம் கொழுப்புகூடத் தேறாது. தோலோடு சேர்த்து அரைத்த வான்கோழியில் அதைவிடப் பல மடங்கு உண்டு. ஆகவே வீட்டிலேயே எருமைக்கறியை அரைத்து பர்கர் செய்கிறவருக்குக் கொழுப்பில் மிச்சம் எதுவும் இல்லை. ஓட்டலில் கொழுப்புச் சேர்த்து அரைத்த பீஃப் பர்கர் சாப்பிடுகிறவருக்கு நிச்சயம் உண்டு.

கொழுப்பைத் தாண்டியும் ஒரு காரணம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் சிவப்பு இறைச்சியை 'அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கும்' என்ற பிரிவில் வைத்தது. எருமைக்கறியும் சிவப்பு இறைச்சிதான். அதனால் ஒரு வாரம் அது, ஒரு வாரம் இது என்று மாற்றிச் சாப்பிடுவது நல்ல யோசனை. ஆனால் வான்கோழி ஹாம், சலாமி பக்கம் போய்விடாதீர்கள். அதே முகமை பதப்படுத்திய இறைச்சியை இன்னும் கடுமையான பிரிவில் வைத்திருக்கிறது, அது எந்தப் பிராணியுடையதாக இருந்தாலும் சரி.

அப்புறம் மயோனைஸ். இரண்டு மேசைக்கரண்டி தடவினால் 20 கிராம் கொழுப்பு உள்ளே போகிறது. கறியை மாற்றி மிச்சம் பிடித்தது அங்கேயே கரைந்துவிடும். புதினாச் சட்னியில் கொஞ்சம் கெட்டித் தயிர் கலந்து தடவிப் பாருங்கள்.

வான்கோழியும் கின்னிக்கோழியும் ஒன்றுதானே? (கொருக்குப்பேட்டை)

இல்லை. கின்னிக்கோழி ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி இருக்கும். வான்கோழி அமெரிக்கக் கண்டத்துப் பறவை. நம் தட்பவெப்பத்துக்கு ஏற்ற 'நந்தனம் வான்கோழி' என்ற ரகமே உண்டு. நாட்டுக் கறுப்பு வான்கோழியையும் பெல்ட்ஸ்வில் சிறு வெள்ளை என்ற அயல் இனத்தையும் கலந்து நம் கால்நடைப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கியது அது.

அண்ணா, செய்து பார்த்தேன். தேங்காய் நார் மாதிரி வறண்டுவிட்டது. எங்கே தப்பு? (வியாசர்பாடி)

நெஞ்சுக்கறியை மட்டும் அரைத்திருப்பீர்கள் தம்பி. அதில் கொழுப்பே கிடையாது, வெந்ததும் நீரெல்லாம் வெளியேறிவிடும். தொடைக்கறியை வாங்குங்கள். நிறமும் கருமை, ருசியும் மாட்டுக்கறிக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும்.

அரை கிலோ தொடைக் கொத்துக்கறிக்கு 150 கிராம் காளானைப் பொடியாக நறுக்கி, நீர் வற்றும்வரை வதக்கி ஆறவைத்துச் சேருங்கள். ஒரு பெரிய வெங்காயத்தைத் துருவி வதக்கிப் போடுங்கள். பாலில் ஊறிய ஒரு துண்டு ரொட்டி, ஒரு தேக்கரண்டி சோயா சாஸ், இடித்த மிளகு. இவ்வளவு போதும். கரம் மசாலாவை அள்ளிப் போட்டால் கட்லெட் ஆகிவிடும்; கட்லெட் நல்ல பண்டம்தான், ஆனால் நீங்கள் கேட்டது பர்கர்.

உப்பை மட்டும் உள்ளே போட்டுப் பிசையாதீர்கள். உப்பும் பிசைதலும் சேர்ந்தால் கறியின் புரதம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ரப்பர் போல் இழுக்கும். தட்டிய வட்டங்களை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, கல்லில் போடும்போது மேலே உப்பைத் தூவுங்கள். இரண்டு சென்டிமீட்டர் கனம், நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி, மிதமான தீ, பக்கத்துக்கு ஐந்தாறு நிமிடம். தோசைத்திருப்பியால் அழுத்தவே கூடாது. அழுத்தும்போது வரும் அந்த 'சொர்' சத்தம் சாறு வெளியே ஓடுகிற சத்தம்.

உள்ளே லேசாகச் சிவந்திருந்தால் சாப்பிடலாமா? (ராயபுரம்)

நிறத்தை நம்பாதீர்கள். நன்கு வெந்த வான்கோழியும் சில சமயம் இளஞ்சிவப்பாகத் தெரியும், வேகாததும் வெளுத்துத் தெரியும். நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸை எட்டியிருக்க வேண்டும் (மாட்டுக் கொத்துக்கறிக்கு 71). சமையல் வெப்பமானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முழுத் துண்டுக் கறியில் கிருமி மேற்பரப்பில்தான் இருக்கும். அரைக்கும்போது அது உள்ளே போய்விடுகிறது.

மகளுக்கு ஹீமோகுளோபின் குறைவு. பீஃப் தந்துவந்தேன், வான்கோழிதான் ஆரோக்கியம் என்று உறவினர் சொல்கிறார். (தண்டையார்பேட்டை)

மாற்றாதீர்கள் அம்மா. மாட்டுக் கொத்துக்கறியில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராம் இரும்புச்சத்து, வான்கோழியில் 1.2 அளவில். துத்தநாகமும் மாட்டுக்கறியில்தான் அதிகம். மலிவாகக் கிடைக்கும் நல்ல உணவு அது. அதைக் கொடுத்ததற்காக நீங்கள் யாரிடமும் கூச்சப்பட வேண்டாம். டாக்டர் இரும்பு மாத்திரை எழுதியிருந்தால் அதையும் விடாமல் கொடுங்கள். சாப்பிட்ட உடனே டீ மட்டும் வேண்டாம்.

யூரிக் ஆசிட் தொல்லைக்கு வான்கோழி பரவாயில்லையா? (திருவொற்றியூர்)

உடம்பில் யூரிக் ஆசிடாக மாறும் பியூரின் அதிலும் உண்டு. கறியை மாற்றிப் பயனில்லை, அளவைக் குறையுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு முழு வான்கோழி வாங்கினால் கறி மிஞ்சுகிறது. பர்கர் தவிர வேறு என்ன செய்யலாம்? (பெரம்பூர்)

உங்கள் பகுதியிலேயே விடை இருக்கிறது. ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் மஞ்சள் சோற்றோடு பரிமாறும் 'பால் கறி' (ball curry), அதாவது கைமா உருண்டைக் குழம்பு. மாட்டுக் கைமாவுக்குப் பதில் சமைக்காமல் எடுத்துவைத்த வான்கோழித் தொடைக்கறியை அரைத்து, பச்சை மிளகாய், கொத்தமல்லி சேர்த்து உருட்டுங்கள். குழம்பிலேயே வேகுவதால் வறண்டுபோகும் பயம் இல்லை. என்னைக் கேட்டால் வான்கோழிக் கைமா பர்கரைவிட இதில்தான் நன்றாக அமைகிறது. கொதிக்கும் குழம்பில் உருண்டைகளை ஒவ்வொன்றாக இறக்குங்கள், முதல் பத்து நிமிடம் கரண்டி போடாமல் சட்டியை மட்டும் லேசாக ஆட்டிவிடுங்கள்.