கேஸ் புக் பண்ணதும் கணக்குல வரும்

கேள்வி: எனக்கு 32 வயசு, போன வருஷம்தான் ஏடிஹெச்டின்னு (கவனத்தை ஒரு இடத்துல நிறுத்தி வைக்க கஷ்டப்படுற மூளைத் தன்மை) டாக்டர் சொன்னாங்க. வீட்ல இருந்தே வேலை, சாயங்காலம் ஆனா உடம்புல ஒண்ணுமே மிச்சம் இருக்காது. அன்னன்னைக்கு செஞ்சத ஒரு நோட்ல எழுதிட்டு வந்தேன், "குளிச்சேன், கேஸ் புக் பண்ணேன், ரெண்டு டம்ளர் கழுவினேன்"னு. அம்மா பாத்துட்டு "இதெல்லாம் ஒரு சாதனையாடி?"ன்னு சிரிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் நோட்டை தொடவே இல்ல. நான் என்னையே ஏமாத்திக்கிறேனா?
- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: இல்லம்மா. அம்மா மேலயும் கோபப்படாதீங்க, அவங்களுக்கு குளிக்கிறது ஒரே வேலை, உங்களுக்கு அது ஏழெட்டு வேலை. போனை கீழ வைக்கணும், எந்திரிக்கணும், துண்டைத் தேடணும், தேடப்போன இடத்துல மடிக்காத துணி மலையா கிடக்கும், அதைப் பாத்ததும் மெஷின்ல நேத்து போட்ட துணி ஞாபகம் வரும், ஐயோ நாறியிருக்குமேன்னு அங்க ஓடுவீங்க, கீஸர் பாட்டுக்கு ஓடிட்டு இருக்கும். ஏடிஹெச்டில சிக்கலே இங்கதான், என்ன செய்யணும்னு நல்லாவே தெரியும், ஆனா ஆரம்பிக்கிறது, வரிசைப்படுத்துறது, பாதியில விடாம மனசுல வச்சிருக்கிறது இதையெல்லாம் பாத்துக்கிற மூளை வேலை இழுபறியா இருக்கும். சோம்பேறித்தனம்னு ஊர் சொல்றது இதைத்தான்.

ஸ்பூன் கணக்கு கேள்விப்பட்டிருக்கீங்களா? லூபஸ்ங்கிற, உடம்போட எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்குற நோய் இருந்த கிறிஸ்டீன் மிசராண்டினோங்கிற அமெரிக்கப் பொண்ணு 2003ல எழுதினது. நோயோட வாழறது எப்படி இருக்கும்னு தோழி கேட்டதுக்கு, ஹோட்டல் மேஜைல இருந்த ஸ்பூனையெல்லாம் அள்ளி அவ கையில குடுத்தாங்க, மொத்தம் 12. ஒவ்வொரு ஸ்பூனும் அன்னைக்கு உடம்புல இருக்கிற தெம்புல ஒரு பங்குன்னு கணக்கு. எந்திரிச்சியா ஒண்ணு குடு, டிரஸ் போட்டியா ஒண்ணு குடுன்னு வாங்கிட்டே வந்தா, ஆபீஸ் போறதுக்குள்ளயே கை பாதி காலி. இப்ப ஆட்டிசம், ஏடிஹெச்டி இருக்கிறவங்களும் இந்தக் கணக்குலதான் பேசிக்கிறாங்க. உங்களுக்கு மீட்டிங்ல அசையாம உக்காந்து கவனிக்கிற மாதிரி முகம் வச்சுக்கிறதுக்கே நாலு ஸ்பூன் போயிருக்கும், மிச்சத்துல கழுவின ரெண்டு டம்ளர் சின்ன விஷயமா?

அதனால வேலையோட சைஸை பாக்காதீங்க, அதுக்கு என்ன செலவாச்சுன்னு பாருங்க. வேணும்னா நோட்ல பக்கத்துலயே ஸ்பூன் எண்ணிக்கை போடுங்க, எது உங்களை உறிஞ்சுதுன்னு ரெண்டே வாரத்துல தெரிஞ்சுடும். எனக்கு அப்படித்தான் தெரிஞ்சது, சமையல் இல்ல, "என்ன சமைக்கலாம்"ங்கிற யோசனைதான் என்னைய கொல்லுதுன்னு. இப்ப செவ்வாய்னா உப்புமா, கேள்வியே கிடையாது (வீட்ல முணுமுணுப்பு உண்டு, இருக்கட்டும்).

ஆனா இதையும் பரீட்சையாக்கிடாதீங்க. தொடர்ந்து 30 நாள், ஒருநாள் விட்டா ஜீரோன்னு மிரட்டுற ஆப் பக்கமே போகாதீங்க. நாலு நாள் நோட் காலியா இருந்தா அஞ்சாவது நாள் எழுதுங்க, விட்டதை நிரப்ப வேணாம். இன்னொண்ணு, சோர்வு எல்லாத்தையும் ஏடிஹெச்டி தலைல கட்டாம தைராய்டு, இரும்புச்சத்து, பி12 மூணும் ஒருதடவை டெஸ்ட் பண்ணிடுங்க, நம்ம பொண்ணுங்களுக்கு இதுல ஏதோ ஒண்ணு குறையா இருக்கிறது சகஜம்.

அம்மாகிட்ட நோட்டை காட்டாதீங்க, அவ்ளோதான். இன்னைக்கு தேதி போட்டு "பத்திரிகைக்கு லெட்டர் போட்டேன்"னு எழுதுங்க. ஸ்டாம்ப் வாங்கப் போனது தனி வரி.