அப்பாவைப் படகில் ஏற்ற ஓர் ஏணி போதுமா?

கேள்வி: நானும் மச்சானும் சேர்ந்து பழைய 18 அடி ஃபைபர் படகு ஒன்று வாங்கியிருக்கிறோம். பின்னால் மாட்டும் மோட்டார். கிளப்பின் மிதவை மேடையில் கட்டி வைக்கிறோம். சில நாள் கல்படி வைத்த பழைய துறையிலும் ஆள் ஏற்ற வேண்டிவரும். அப்பாவுக்கு 71 வயது. வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை செய்து ஓராண்டு ஆகிறது. எங்களோடு மீன்பிடிக்க வர ஆசைப்படுகிறார். இணையக் கடையில் கொக்கி போட்டு மாட்டும் அலுமினிய மடக்கு ஏணி பார்த்தேன். அது போதுமா? “ஏணி எதற்கு, கையைப் பிடித்து இழுத்தால் ஆயிற்று” என்கிறார் மச்சான். (சிங்கப்பூர், செம்பவாங் வாசகர்)

பதில்: அந்த ஏணியை வாங்காதீர்கள். மச்சான் சொல்வதையும் கேட்காதீர்கள்.

உங்களுக்கு வேண்டியவை இரண்டு தனித்தனி ஏற்பாடுகள். ஒன்று, மேடையிலிருந்து படகுக்குள் வர. மற்றொன்று, தண்ணீரில் விழுந்தவர் திரும்ப ஏற. கொக்கி ஏணி முதல் வேலைக்கு ஆகவே ஆகாது. இரண்டாவது வேலையிலும் மோசம்தான்: படகு ஆடும்போது கொக்கி நழுவும், ஏறுபவர் எடை போட்டதும் ஏணியின் அடி படகுக்குக் கீழே உள்வாங்கும், காலும் அதோடு போய், ஆள் மல்லாந்து தொங்குவார். கயிற்று ஏணிக்கும் இதே கதி.

முதலில் மேடை. ஒரு கால் மேடையில், ஒரு கால் படகில் இருக்கும் அந்தக் கணத்தில்தான் ஆட்கள் விழுகிறார்கள். பின்காலால் உந்தி எழும்போது, முன்கால் ஊன்றிய படகு அந்த வேகத்திலேயே மேடையை விட்டு விலகும். இடைவெளி விரியும்போது உடலைத் திருப்பிக்கொள்ள அப்பாவுக்கு நேரம் இருக்காது. அதனால் நீங்கள் முதலில் வாங்க வேண்டியது கயிறு. அணியத்தில் (படகின் முன்முனையில்) ஒன்றும் பின்னால் ஒன்றும் கட்டியிருந்தாலும் நடுப்பகுதி விலகத்தான் செய்யும். படகின் நடுவில், விளிம்பை ஒட்டி ஒரு கிளீட் (கயிறு சுற்றிக் கட்டும் கொம்பு) பொருத்தி, அதிலிருந்து மேடைக்குக் குட்டையான ஒரு கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். ஆள் ஏற்றும்போது மட்டும் போட்டால் போதும். இதற்குப் பாலியெஸ்டர் கயிறு நல்லது. நைலான் நீண்டு கொடுக்கும். இரவெல்லாம் கட்டி வைக்க அந்தக் குணம் உதவும், ஆள் ஏறும்போது உதவாது. பழைய படகுகளில் பெரும்பாலும் நடு கிளீட் இருக்காது. பொருத்தும்போது வெறும் திருகாணி போடாமல், உள்பக்கம் தகடு வைத்துப் போல்ட் முறுக்கச் சொல்லுங்கள். படகு மேடையில் உரசாமல் தொங்கவிடும் மெத்தை, அதாவது ஃபெண்டர், 12 முதல் 15 செ.மீ. விட்டத்தில் இரண்டு மூன்று இருந்தால் சரி. அதைவிடப் பருமனாக வாங்கினால் இடைவெளியைத்தான் கூட்டுவீர்கள்.

அடுத்தது கைப்பிடி. கடைக்காரர்கள் படியைத்தான் காட்டுவார்கள். ஆனால் முழங்கால் பலமில்லாதவருக்குக் கையில் உறுதியான ஒன்று அகப்பட்டால் பாதி வேலை முடிந்துவிடும். ஓட்டுமிடத்துக்கு மேல் கூரை இருந்தால் அதன் குழாய் நல்ல பிடி. இல்லையென்றால், விளிம்பில் குழி பதித்துச் செருகி எடுக்கும் நிமிர்கம்பி ஒன்று வைக்கலாம். இடுப்பு உயரத்துக்குக் குறையக்கூடாது. முன்கண்ணாடிச் சட்டத்தை யாரும் பிடிக்க விடாதீர்கள், அது கையோடு வந்துவிடும். ஏற்கெனவே உள்ள பிடிகளையும் நம்பிவிடாமல், உங்கள் முழு எடையையும் போட்டு இழுத்துப் பாருங்கள்.

இனிமேல்தான் படி. மேடைப் பரப்பிலிருந்து படகின் விளிம்பு வரை எவ்வளவு, விளிம்பிலிருந்து உள்தளம் வரை எவ்வளவு என்று அளந்துகொள்ளுங்கள். மிதவை மேடை கடலோடு சேர்ந்து ஏறி இறங்குவதால் முதல் அளவு அதிகம் மாறாது. வீட்டு மாடிப்படியின் உயரம் 15 முதல் 18 செ.மீ. இருக்கும். அப்பாவுக்கு அதற்கு மேல் வேண்டாம். அந்தக் கணக்கில் மேடையில் ஓரிரு படி, படகுக்குள் ஒரு பெட்டிப்படி. இரண்டின் மேற்பரப்பும் சொரசொரப்பாக இருக்கட்டும். உள்ளே வைக்கும் பெட்டி நகராதபடி பட்டையால் கட்டுங்கள். இந்தப் பெட்டி வழுக்கி விழுந்தவர்களே அதிகம் இருப்பார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஏற்றும் முறையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் சாமானை இதைப் பொறுத்துத்தான் வாங்க வேண்டும். அறுவைக்குப் பிறகு இயன்முறை மருத்துவர் சொல்லிக் கொடுத்திருப்பார்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். படகிலும் அதுவே. ஆனால் நான் அப்பாவை நின்றபடி தாண்டவே விடமாட்டேன். விளிம்பு அகலமாக இருந்தால் அதில் உட்கார வைத்து, கால்களை ஒவ்வொன்றாக உள்ளே சுழற்றச் சொல்லுங்கள். பிறகு கைப்பிடியைப் பற்றி எழுந்து படகின் நடுவுக்கு வரட்டும். விளிம்பு குறுகலாக இருந்தால் மேலே ஒரு தட்டைப் பலகை பொருத்தலாம், அது ஏணியைவிடப் பயன்படும். உதவுபவர் கையை நீட்டி இழுக்கக்கூடாது. தன் முன்கையை அசையாமல் கொடுத்து, அப்பாவைப் பிடித்துக்கொள்ள விட வேண்டும். ஜோகூர் நீரிணையில் ஒரு படகு கடந்து போய்ச் சற்று நேரம் கழித்துத்தான் அதன் அலை வந்து சேரும். அது அடங்கும் வரை பொறுங்கள்.

கல்படித் துறைக்கு எந்தச் சாமானும் பரிந்துரைக்க மாட்டேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இங்கே கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 3 மீட்டர் அளவுக்கு வித்தியாசம் வரும். வற்றத்தில் வெளிப்படும் கீழ்ப்படிகளில் பாசி, அதற்கடியில் சிப்பி. நீங்களும் மச்சானும் ஏறிக்கொள்ளுங்கள். அப்பாவை மிதவை மேடையில் மட்டும் ஏற்றுங்கள். வேறு வழியே இல்லாத நாளில், கடல்துறை ஆணையம் வெளியிடும் ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் உயர்ந்திருக்கும் நேரத்துக்குப் போங்கள்.

இப்போது தண்ணீர். படகின் பின்பகுதியில், மோட்டாருக்கு எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி, நிரந்தரமாகப் பொருத்திய மடக்கு ஏணி வேண்டும். மூன்று விஷயம் பாருங்கள். தண்ணீரில் இருப்பவர் யார் உதவியும் இல்லாமல் கீழே இழுத்து விரிக்க முடிய வேண்டும். மேலே கொக்கி போட்டுப் பூட்டியிருந்தால் அது அலங்காரம். அடுத்து நீளம். அமெரிக்கப் படகுத் தர அமைப்பான ஏபிஒய்சியின் தரநிலை, கடைசிப் படி நீர்மட்டத்துக்கு 22 அங்குலம், அதாவது சுமார் 56 செ.மீ. கீழே இருக்கச் சொல்கிறது. இரண்டு படி ஏணிகள் பெரும்பாலும் இதை எட்டாது. மூன்று அல்லது நான்கு படி பாருங்கள். படி தட்டையாக இருக்கட்டும், உருண்டைக் குழாய் வெறுங்காலை அறுக்கும். மூன்றாவது, உலோகம். 316 ரகத் துருப்பிடிக்கா எஃகு கேளுங்கள். அதிலுள்ள மாலிப்டினம் உப்புநீரைத் தாங்க உதவுகிறது. விலை குறைந்த 304 சீக்கிரமே பழுப்பேறும். அலுமினியத்தில் எஃகு போல்ட் போட்டால், உப்புநீர் பட்டு, தொடும் இடத்தில் அலுமினியம் அரிக்கும். பயன்படுத்தாதபோது ஏணியைத் தூக்கியே வையுங்கள். நம் வெதுவெதுப்பான கடலில் கொட்டலசு (ஒட்டி வளரும் ஓட்டு உயிரி) பிடிக்க அதிக நாள் ஆகாது, அதன் ஓடு பிளேடு மாதிரி வெட்டும்.

யாராவது ஏணியை நெருங்கும்போது மோட்டாரை நியூட்ரலில் போட்டால் போதாது. அணைத்துவிடுங்கள்.

மிதவை உடை விஷயத்தில் பலரும் தவறவிடும் ஒன்று. நுரை நிரப்பிய பருத்த உடை, குனிந்தால் கால் வைக்கும் இடத்தையே மறைக்கும். அப்பாவுக்கு 150 நியூட்டன் (மிதப்பு விசையின் அளவு) ரகத்தில், நீர் பட்டால் தானாக ஊதிக்கொள்ளும் மெல்லிய உடை வாங்குங்கள், கவட்டைப் பட்டையோடு. மேடைக்கு வருமுன்பே அதை அணியட்டும். ஆனால் ஊதிய பிறகு அது மார்பை ஏணியிலிருந்து தள்ளும். ஏற முடியாவிட்டால், ஏணியைப் பிடித்த பிறகு வாய்க்குழாய் வழியாகக் கொஞ்சம் காற்றை விட வேண்டும். ஆண்டுதோறும் வாயு உருளையைச் சரிபார்ப்பதும் உங்கள் பொறுப்பு.

அப்பாவால் ஏணியில் தானாக ஏற முடியாமலும் போகலாம். 15 மீட்டருக்குக் குறையாத மிதக்கும் எறிகயிறு ஒன்றும், அக்குளுக்கடியில் போட்டுத் தூக்கும் அகலப் பட்டை ஒன்றும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். அமைதியான நீரில், மச்சானை மிதவை உடையோடும் நனைந்த சட்டையோடும் இறக்கிவிட்டு ஒருமுறை ஏறச் சொல்லிப் பாருங்கள். கையைப் பிடித்து இழுத்தால் ஆயிற்று என்று அதற்குப் பிறகு சொல்ல மாட்டார்.

மேடையில் வைக்கும் படியை வாங்குமுன் கிளப் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நடைபாதையில் பொருள் வைக்க அனுமதி இல்லையென்றால், மடித்துப் படகுக்குள் வைக்கும் ரகமாகத் தேட வேண்டியிருக்கும்.