ராத்திரி பத்து மணிக்கு உச்சி வானத்தில் தெரியும் பெரிய வெளிச்சம் வெள்ளிக் கோளா?

பத்து மணிக்கு, அதுவும் தலைக்கு மேலே என்றால் வெள்ளி இல்லை. எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் இல்லை. வெள்ளி நம்மைவிடச் சூரியனுக்குப் பக்கத்தில் சுற்றுவதால், நம் பார்வையில் சூரியனை விட்டு 48 பாகைக்கு மேல் விலகவே விலகாது. சாயங்காலம் மேற்கே தெரிந்தால், பொழுது சாய்ந்து சுமார் மூன்று மணி நேரத்துக்குள் அதுவும் இறங்கிவிடும். இல்லையென்றால் விடிவெள்ளியாகக் கிழக்கே வரும். நடுச்சாமத்தில் உச்சிக்கு வர அதனால் முடியாது.

நீங்கள் பார்த்தது அனேகமாக வியாழன். சந்தேகமிருந்தால் சாதாரண பைனாகுலர் போதும், கை மட்டும் ஆடக்கூடாது. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொள்ளுங்கள். நடுவில் குட்டி வட்டம், அதன் பக்கவாட்டில் ஒரே கோட்டில் ஊசிமுனை போல இரண்டு மூன்று புள்ளிகள், அதிகபட்சம் நான்கு. 1610-இல் கலிலியோ கண்ட அதே நிலவுகள்தான். மறுநாள் பார்த்தால் இடம் மாறியிருக்கும்.

மின்னினால் நட்சத்திரம், மின்னாவிட்டால் கோள் என்று பள்ளியில் படித்திருப்போம். மோசமில்லை, ஆனால் அடிவானத்தில் அது பலிக்காது. அங்கே ஒளி அதிகக் காற்றைக் கடந்து வருவதால் கோள்கூட நடுங்கும். டிசம்பர் இரவுகளில் தென்கிழக்கில் எழும் சிரியஸ் நட்சத்திரம் சிவப்பும் பச்சையும் நீலமுமாக வெட்டும். ட்ரோன்தான் என்று அடித்துச் சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன்! ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களைப் பிடித்துக் கீழ்நோக்கிக் கோடு இழுத்தால் நேராக சிரியஸிடம் போய்ச் சேரும்.

நகர்கிற வெளிச்சம் என்றால் விஷயம் வேறு. விட்டுவிட்டு எரிந்தால் விமானம். சிமிட்டாமல் நாலைந்து நிமிடத்தில் வானத்தைக் கடப்பது, சில சமயம் பாதியிலேயே மங்கி மறைவது, சர்வதேச விண்வெளி நிலையமாக இருக்கலாம். மறைந்தால் பூமியின் நிழலுக்குள் போய்விட்டது என்று அர்த்தம்.

அப்புறம், நெப்டியூன் தெரியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வெறுங்கண்ணுக்குத் தெரியாது. 1612-இல் வியாழனைப் பார்த்துக்கொண்டிருந்த கலிலியோவின் தொலைநோக்கியில் அது சிக்கியது. அவரோ நட்சத்திரம் என்று குறித்துவைத்தார். கோள் என்று கண்டறிய 1846 ஆனது. ஸ்டெல்லேரியம் போன்ற வான்வரைபடச் செயலியில் இடம் பார்த்துக்கொண்டு, நல்ல இருட்டில் பைனாகுலரோடு தேடலாம். கிடைத்தாலும் வெறும் புள்ளிதான், இப்போதே சொல்லிவிடுகிறேன்.