அசாதயோப்ரின் மாத்திரை டி செல்களை எப்படிச் சாகடிக்கிறது?

"அசாதயோப்ரின் சாப்பிட்டால் டி செல்கள் செத்துப்போகும் என்கிறார்கள். அப்படியென்றால் எதிர்ப்புச் சக்தி மொத்தமும் போய்விடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாம்பன் பக்கம் கடலில் பாசி எடுக்கும் என் அக்காவும் இதையேதான் கேட்டாள். பெருங்குடல் அழற்சிக்காக, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் இந்த மாத்திரையைத் தொடங்கி நான்காவது வாரம், "ஒரு மாசமா முழுங்குறேன் தம்பி, ஒண்ணும் கேக்கல. இருக்குற தெம்பையும் இது தின்னுருமோ?" என்று நிறுத்தப் பார்த்தாள். நான் உயிர்வேதியியல் படித்தவன். அன்று அவளிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

டி செல் என்பது எதிர்ப்புச் சக்திக்காக வேலை செய்யும் ஒரு வகை வெள்ளை அணு. சும்மா கிடக்கும் டி செல் கிளர்ந்தெழ இரண்டு சமிக்ஞைகள் வேண்டும். எதிரி இன்னார் என்று காட்டுவது ஒன்று. செல்லின் மேல்பரப்பில் சமிக்ஞையை வாங்கும் சிடி28 என்ற ஏற்பி வழியாக வரும் "சரி, இறங்கு" என்ற ஒப்புதல் இன்னொன்று. ஒப்புதல் வந்ததும் செல்லுக்குள் ராக்-1 என்ற புரதம் வேலையைத் தொடங்கும். அதற்கு ஜிடிபி (GTP) என்ற மூலக்கூறு வந்து அதில் ஒட்ட வேண்டும். ராக்-1 ஓடினால்தான் பிசிஎல்-எக்ஸ்எல் என்ற காவல் புரதம் தேவையான அளவு உருவாகும். செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா கசியாமல் பார்த்துக்கொள்வது அதுதான்.

அசாதயோப்ரின் உடலுக்குள் மெர்காப்டோப்யூரினாக மாறி, அப்புறம் பல படிகள் தாண்டி, ஜிடிபியின் போலியாக வந்து நிற்கிறது. ஓர் ஆக்சிஜன் அணு இருக்க வேண்டிய இடத்தில் கந்தக அணு இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். ராக்-1 ஏமாந்து இதைப் பிடித்துக்கொள்கிறது, ஆனால் ஓடுவதில்லை. காவல் புரதம் குறைகிறது. மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோகுரோம் சி என்ற புரதம் கசிகிறது. கேஸ்பேஸ் நொதிகள் கிளம்பி செல்லை உள்ளிருந்தே துண்டு போடுகின்றன. பிழைத்துப் பெருகு என்று வந்த குரலே அந்தச் செல்லுக்குச் சாவோலையாகிறது. அந்தக் குரலைக் கேட்காமல் சும்மா கிடக்கும் செல்லுக்கு இந்த வழியில் பெரிய ஆபத்து இல்லை. 1960களின் தொடக்கத்திலிருந்தே சிறுநீரக மாற்று சிகிச்சையில் பயன்பட்டு வந்த மருந்து இது. இந்த வழி வெளியானது 2003இல்தான் என்பது எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது.

இப்படிச் சாவதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயர். இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல். செல் வெடித்துச் சிதறாது. சுருங்கி, சிறு பொட்டலங்களாகப் பிரியும், பக்கத்துச் செல்கள் அவற்றை விழுங்கிவிடும். அதனால் இந்தச் சாவே புதிதாக அழற்சியைக் கிளப்பிவிடுவதில்லை. குடல் ஏற்கெனவே புண்பட்டிருக்கும் ஒருவருக்கு இது எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள்.

எதிர்ப்புச் சக்தியை அடக்கும் எல்லா மருந்தும் இப்படி வேலை செய்வதில்லை. டாக்ரோலிமஸும் சைக்ளோஸ்போரினும் கால்சிநியூரின் என்ற நொதியைத் தடுத்து டி செல்லின் வாயை அடைக்கின்றன, கொல்வது அவற்றின் முக்கிய வேலை அல்ல.

அக்காவின் முதல் பயத்துக்குப் பதில் இதுதான்: அந்தப் போலி மூலக்கூறு செல்களுக்குள் மெல்லத்தான் சேரும். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். நான்காவது வாரத்தில் நிறுத்துவது, நாற்று வேர் பிடிக்கும் முன் பிடுங்குவது போல.

இரண்டாவது பயத்தில் பாதி உண்மை இருக்கிறது. இதே மருந்து டிஎன்ஏவுக்குள்ளும் நுழையும், எலும்பு மஜ்ஜையையும் தொடும். இந்த மருந்தை உடல் கையாள உதவும் டிபிஎம்டி, என்யூடிடி15 மரபணுக்களில் மாற்றம் உள்ளவர்களுக்கு வெள்ளை அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையலாம். இதில் இரண்டாவது மாற்றம் ஆசிய மக்களிடம் அதிகம். ஆகவே ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது. யூரிக் அமிலத்துக்கு அலோப்யூரினால் சாப்பிடுகிறவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். சேர்த்துச் சாப்பிட்டால் இந்த மருந்தின் வீரியம் பல மடங்கு ஏறிவிடும்.

எங்கள் கரைக்காரர்களுக்கு இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். இந்த மாத்திரை வெயிலுக்குத் தோலைப் பலவீனமாக்கும், வருடக்கணக்கில் சாப்பிட்டால் தோல் புற்றுநோய் வாய்ப்பு கூடும். அடுத்தது, உப்புநீரில் வாழும் விப்ரியோ கிருமிகள் சின்னக் கீறல் வழியாகவே உள்ளே நுழையக்கூடியவை. பாறையில் மரிக்கொழுந்துப் பாசி பறிக்கிறவர்களுக்கு விரலில் துணி சுற்றியிருந்தாலும் கீறல் விழாத நாள் ஏது?

அக்கா நிறுத்தவில்லை. மூன்றாம் மாதம் ரத்தப்போக்கு நின்றது. சேலைக்கு மேல் அத்தானின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் இப்போது கடலில் இறங்குகிறாள். கையில் கீறல் இருந்தால், அது ஆறும்வரை கரையில் உட்கார்ந்து மற்றவர்கள் கொண்டுவரும் பாசியைக் காயவைக்கிறாள்.